ஆணியிலும் ஓர் அமானத்



இம்மாதம் உங்களோடு ரிவட் ஆணியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "மௌலவிக்கும் கராஜுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டு நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. அல்-குர்ஆனை ஓதுகின்ற எவருக்கும் ஆணியோடு ஒரு சம்பந்தம் உண்டு. எப்படியென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாவூத் நபியின் கவசம்

தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததை ஸபஃ அத்தியாயத்தின் 10ஆம், 11ஆம் வசனங்கள் கூறுகின்றன. உடலை மூடும் போர்க் கவசங்களைச் செய்யுமாறும், அவற்றின் 'ஸர்து' வேலையில் அளவைச் சரியாகப் பேணுமாறும் அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. அக்காலக் கவசம் ஆயிரக்கணக்கான சிறு இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யப்படுவது. வளையத்தின் இரு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, துளையிட்டு, சின்னஞ்சிறு ஆணியொன்றைச் செலுத்தி அடித்து இறுக்குவார்கள். இன்று நாம் ரிவட் என்று சொல்வது இதைத்தான். பாடப் புத்தகங்களில் இதற்குத் தறையாணி என்று பெயர்.

ஸர்து என்பதற்கு விரிவுரை சொன்ன முஜாஹித் (ரஹ்) போன்றோர் இந்த ஆணியையே குறிப்பிடுகிறார்கள். ஆணி மெலிந்துவிட்டால் வளையத்தினுள் ஆடும். தடித்துவிட்டால் வளையத்தையே பிளந்துவிடும். எனவே அளவோடு இருக்க வேண்டும் என்பது அவர்களது விளக்கத்தின் சாரம். இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தமது ஸஹீஹில் நபிமார்கள் பற்றிய பகுதியில் இவ்விளக்கத்தை எடுத்தாண்டுள்ளார்கள். நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் பற்றிக் கமர் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் கூறும்போது, பலகைகளோடு சேர்த்து ஆணிகளையும் நினைவூட்டுகிறது.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரிகளே! வானங்களையும் பூமியையும் படைத்தவன், ஓர் ஆணியின் பருமனைக் கவனிக்குமாறு தன் நபிக்குச் சொல்கிறான். அந்த ஆணி பிசகினால் அதை அணிந்திருப்பவரின் உயிர் போய்விடும். அணிபவரோ அதைச் செய்தவரை நம்பித்தான் போர்க்களம் செல்கிறார். வசனத்தின் இந்த ஆழத்தைப் பல வருடம் வகுப்பறையில் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் அதனைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டில்தான் கிடைத்தது.

பழைய பஸ்ஸில் ஒரு வாசிகசாலை

எங்கள் ஊர் கிழக்கிலங்கையின் கரையோரத்தில் உள்ளது. ஊரின் உட்பகுதிக் குடியிருப்புகளில் உள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, வாசிகசாலைக்கு வந்து போவது சிரமம். அவர்கள் வர முடியாவிட்டால் புத்தகம் அவர்களிடம் போகட்டும் என்று மாதர் குழுவினர் யோசனை சொன்னார்கள். ஓடி ஓய்ந்த பழைய பஸ் ஒன்றை அதன் உரிமையாளர் வக்பாகக் கொடுத்தார். பஸ்ஸை மாற்றியமைக்கத் தேவையான பணத்தைப் பெண்களே திரட்டினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து விற்றார்கள். சிலர் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். இடியப்பம் அவித்து விற்கும் வயதான உம்மா ஒருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு நாள் வருமானத்தைக் கொண்டுவந்து தருவார். கணக்கை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

திணைக்கள அனுமதி முதலிய வேலைகளை நிர்வாக சபை பார்த்துக்கொண்டது. பஸ்ஸின் உள்ளே இரு பக்கமும் புத்தகத் தட்டுகள் வர வேண்டும். அதற்காகப் பக்கத்துக்கு நான்காக 8 ஜன்னல்களைக் கழற்றி, அந்த இடைவெளிகளை அலுமினியத் தகட்டால் மூட வேண்டும். கூரைக்குக் கீழே இரண்டொரு ஜன்னல்கள் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விடப்பட்டன. தகட்டை வெல்டிங் செய்தால் என்ன என்று நான் கேட்டேன். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும், அலுமினியத்தை இரும்போடு சாதாரணமாக வெல்டிங் செய்யவும் முடியாது, எனவே ரிவட்தான் வழி என்றார் வேலைக்கு வந்த பாஸ். பஸ் ஓடும்போது உடல் முழுவதும் முறுகும், அதிரும். ரிவட் அதைத் தாங்கும். பழுதானால் ஒன்றை மட்டும் துளைத்தெடுத்துவிட்டு வேறொன்று போடலாம்.

எந்த ரிவட்டைப் போடுவது என்பதில்தான் பேச்சு வளர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இரும்புச் சாமான்களின் விலை ஏறிப் போயிருந்தது. ஊர்க் கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண அலுமினிய பொப் ரிவட் போதும், மிஞ்சும் காசுக்கு இன்னும் புத்தகம் வாங்கலாம் என்பது சபையில் ஒரு சாராரின் கருத்து. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வண்ணம் பூசிவிட்டால் எல்லாம் ஒன்றுதானே என்றும் ஒருவர் சொன்னார்.

அதற்கு பாஸ் சொன்ன பதில் இன்றும் என் காதில் நிற்கிறது: "மௌலவி, வெளியால நிண்டு பார்க்கிறவருக்கு எல்லா ரிவட்டும் ஒரு மாதிரித்தான். உள்ளுக்க எது புடிச்சிருக்கு எண்டு மழைக்கும் ரோட்டுக்கும்தான் தெரியும்."

பணம் கொடுத்த பெண்களிடமும் கேட்பது முறை என்று மாதர் குழுவிடம் விடயத்தை வைத்தோம். இடியப்ப உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாரி மழையில கிதாபு நனையாதா மகன்?" அந்தக் கேள்வியோடு ஆலோசனை முடிந்தது. புத்தகத்தின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை, ஆணியில் குறை வைப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

தெரிவு செய்வது எப்படி?

பாஸிடம் கேட்டுக் கேட்டு நான் விளங்கிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் கதவுத் தகடோ தண்ணீர்ப் பீலியோ பழுது பார்க்கும்போது உங்களுக்கும் உதவும்.

ரிவட் இரு வகை. ஒன்று முழு ஆணி. அதை அடிக்க இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும். வெளியே ஒருவர் நிற்க, உள்ளே ஒருவர் பாரமான இரும்புக் கட்டையைப் பிடிக்க, நடுவிலே ஆணி நசிந்து மறுபக்கமும் தலை உண்டாகும். இருவரும் ஒருவரையொருவர் காண மாட்டார்கள். சத்தத்தைக் கேட்டே வேலை செய்ய வேண்டும். மற்றது பொப் ரிவட். 'பொப்' என்பது உண்மையில் ஒரு வர்த்தகப் பெயர்; நாம் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். இது சிறு குழாய் போன்றது. அதனூடாக ஒரு கம்பி செல்லும். கருவியால் கம்பியை இழுத்தால் அதன் நுனியிலுள்ள குமிழ் குழாயின் உள்முனையை விரித்து இறுக்கும். போதிய இழுவை வந்ததும் கம்பி தானாக முறிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கை எட்டினால் போதும்.

எங்கள் பஸ்ஸின் ஜன்னல் தூண்கள் உள்ளே வெறுமையான இரும்புப் பெட்டிச் சட்டங்கள். அவற்றின் உட்புறத்துக்குக் கை எட்டாது. எனவே அங்கே பொப் ரிவட். கீழ்ப்பக்கத்தில் தகடும் தகடும் சேரும் இடங்களில் இரு பக்கமும் கை எட்டியதால் அலுமினிய முழு ஆணி.

அடுத்தது பருமன். தடித்த தகட்டின் கனத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது வேலைக்காரர்களின் கணக்கு. எங்கள் தகடு 1.6 மி.மீ. ஆகவே ஆணி 4.8 மி.மீ. அதற்குத் துளை 4.9 மி.மீ. ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான் இடைவெளி! துளை பெரிதானால் ஆணி ஆடும். சிறிதானால் உள்ளே போகாது, தட்டித் திணித்தால் தகடு கெடும். இதைக் கேட்டபோது எனக்கு முஜாஹித் (ரஹ்) அவர்களின் விளக்கம்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு நீளம். பொப் ரிவட் பெட்டியில் அது எவ்வளவு கனத்தைப் பிடிக்கும் என்று குறைந்த அளவும் கூடிய அளவும் போட்டிருக்கும். எங்கள் தகடு 1.6, தூணின் சுவர் 2, கூட்டினால் 3.6 மி.மீ. இந்த எண் அந்த இரு அளவுகளுக்கும் இடையில் விழ வேண்டும். முழு ஆணிக்கோ, சேர்க்கும் கனத்தோடு ஆணியின் விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும். இரண்டு தகடு 3.2, ஒன்றரை மடங்கு 7.2, மொத்தம் 10.4 மி.மீ.

கடைசியாக உலோகம். கடலோரத்தில் வசிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால், பற்றரியில் நடப்பது போல ஒரு சிறு மின்னோட்டம் உண்டாகி அவற்றில் ஒன்றை அரித்துவிடும். பெரிய இரும்பிலே சிறிய அலுமினிய ஆணியைப் போட்டால் அரிப்பு முழுவதும் அந்தச் சிறு ஆணியின் மேல் விழும். அது சீக்கிரம் அழியும். பெரிய அலுமினியத் தகட்டிலே சிறிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியானால் அரிப்பு மிக மெதுவாகவே நடக்கும். அதையும் தடுக்கத் தூணுக்குப் பிரைமர் பூசி, தகட்டுக்கும் தூணுக்கும் இடையில் நாடா ஒட்டி, ஆணியைச் சீலன்டில் தோய்த்துப் போட வேண்டும். அதோடு சாதாரண பொப் ரிவட்டின் நடு ஓட்டை வழியாக மழைநீர் கசியலாம். அடிப்பக்கம் மூடிய வகையில் அந்த வழி இல்லை. எனவே வெளிப்பக்கத்துக்கு அடி மூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவட் என்று முடிவாயிற்று. உள்ளே பலகைத் தட்டுகளின் ஓரத்துக்கு 3.2 மி.மீ. அலுமினியமே போதும். தேவையில்லாத இடத்தில் விலை கூடியதைப் போடுவதும் வீண்விரயம்தானே!

கொழும்பில் ஒரு நாள்

பாஸும் நானும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்பட்டோம். இரும்புச் சாமான் என்றால் கொழும்பு 12இல் உள்ள பழைய சோனகத் தெரு. வாகன உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தை. பையில் நாங்கள் கொண்டுபோனவை நான்கு: ஒரு தகட்டுத் துண்டு, ஒரு தூண் துண்டு, ரிவட் இழுக்கும் கருவி, பழைய வானொலியின் ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்.

எத்தனை வாங்குவது என்பதை வீட்டிலேயே கணக்கிட்டிருந்தோம். ஒரு தகடு 90 சென்ரிமீற்றருக்கு 70. சுற்றளவு 320. ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்று வீதம் 64. எட்டுத் தகட்டுக்கு 512. கெட்டுப்போவதற்கும் பின்னாளில் மாற்றுவதற்குமாகச் சேர்த்து 600.

முதலில் ஏறிய கடையில் பெயர் ஒட்டாத பொலித்தீன் பையில் நிறுத்துக் கொடுத்தார்கள். "எல்லாம் ஒண்டுதான் ஹாஜி" என்றார் கடைப் பையன். பாஸ் காந்தத்தைக் காட்டினார். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லப்பட்ட ஆணியின் உடலே காந்தத்தில் பச்சக் என்று ஒட்டிக்கொண்டது. அது நாகம் பூசிய சாதாரண இரும்பு. சண்டை பிடிக்காமல் ஸலாம் சொல்லிவிட்டு வெளியேறினோம். ஒரு வியாபாரி தானியக் குவியலின் ஈரத்தை அடியில் மறைத்து வைத்திருந்ததை நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்துக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த ஹதீஸில் விற்பவருக்குப் பாடம் இருக்கிறது. அமானத்துப் பணத்தோடு கடைக்குப் போகின்றவர் கையை விட்டுப் பார்க்கவும் கற்றுக்கொள்ளலாம்.

நாலைந்து கடை ஏறி இறங்கிய பின் நாங்கள் தேடியது கிடைத்தது. பெட்டியில் உடலின் உலோகம், கம்பியின் உலோகம், விட்டம், நீளம், பிடிக்கும் கனம் யாவும் அச்சிடப்பட்டிருந்தன. கம்பியின் உலோகத்தையும் பார்க்க வேண்டும் சகோதரிகளே. அலுமினிய ரிவட் பலவற்றில் கம்பி இரும்பாக இருக்கும். முறிந்த துண்டு உள்ளேயே கிடந்து துருப்பிடித்து, தகட்டில் செங்கோடாக வழியும்.

வயதான முதலாளியிடம் விடயத்தைச் சொன்னோம். எங்கள் துண்டுகளில் இரண்டு ரிவட்டைப் போட்டுப் பார்க்க அனுமதித்தார். பாஸ் போட்டார், பிறகு திருகாணிச் சாவியால் நெம்பிப் பார்த்தார். தகட்டின் ஓரம் வளைந்ததே தவிர ஆணி அசையவில்லை. சாதாரண அலுமினியத்தைவிட விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. இது பிள்ளைகளின் வாசிகசாலைக்கு என்று அறிந்ததும் முதலாளி விலையில் குறைத்தார், 3.2 மி.மீ. பெட்டி ஒன்றைத் தன் பங்காகத் தந்தார். பெயரை எழுத வேண்டாம் என்றார். அதனால் எழுதவில்லை.

தையல் ராத்தாவின் இலாஸ்டிக்

வேலை ஆரம்பமானபோது ஒரு சிக்கல் வந்தது. எட்டுத் தகடும் ஒரே அளவாக இல்லை. பழைய பஸ் ஆகையால் ஒவ்வொரு ஜன்னலும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம். ஒவ்வொன்றுக்கும் துளைகளின் இடைவெளியைப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருந்தது. பாஸ் அளவுகோலோடு நேரத்தைச் செலவிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாடு கொண்டுவந்த பெண்களில் தையல் வேலை செய்யும் ராத்தா ஒருவர் இருந்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பாவாடைக்குப் போடும் இலாஸ்டிக் நாடாவை மகனிடம் கொடுத்தனுப்பினார். அதிலே சம இடைவெளியில் பேனையால் கோடு போட்டிருந்தது. "இத இழுத்துப் புடிச்சா கோடெல்லாம் ஒரே அளவாத்தான் விரியும், அதப் பார்த்து அடையாளம் வைக்கச் சொல்லு" என்று சொல்லியனுப்பியிருந்தார். பாஸ் அதைத் தகட்டின் ஓரத்தில் இழுத்துப் பிடித்தார். முதல் கோடு ஒரு மூலையில், கடைசிக் கோடு மறு மூலையில். நடுவிலுள்ளவை தாமாகவே சமமாக அமைந்தன. "முப்பது வருசமா இந்த வேல செய்றன், இது எனக்குத் தோணல்லயே!" என்று பாஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

ரிவட் வேலையும் ஒரு தையல்தான் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. துணியின் கரைக்கு மிக அருகில் தைத்தால் நூல் பிரிந்துபோகும். அதுபோல ஆணியின் நடுவிலிருந்து தகட்டின் ஓரத்துக்கு ஆணியின் விட்டத்தில் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். எங்களுக்கு அது 10 மி.மீ. மிக நெருக்கித் தைத்தால் துணி தையல் வழியே கிழியும். அதுபோல ஆணிகளுக்கிடையே விட்டத்தில் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. மிகத் தள்ளித் தைத்தால் இடையில் வாய் பிளக்கும். அந்த இடத்தால் தண்ணீர் புகும். முதலில் பெருந்தையல் ஓட்டிவிட்டுப் பிறகு இயந்திரத் தையல் போடுகிறீர்கள் அல்லவா? பாஸும் நாலைந்து துளைக்கு ஒன்றாகச் சிறு போல்ட்டுகளைப் பூட்டித் தகட்டை நிலைப்படுத்திவிட்டே, நடுவிலிருந்து இரு பக்கமாக ரிவட் போட்டுச் சென்றார். ஒரு மூலையில் தொடங்கி அடித்துக்கொண்டே போனால் தகடு மறுமூலையில் புடைத்துக்கொள்ளும்.

துளையிட்ட பின் ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுக்காவிட்டால் தகடு தூணோடு படிந்து உட்காராது. பெரிய ட்ரில் பிட் ஒன்றைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பினால் பிசிறு போய்விடும். தகடுகளைக் கழற்றி எங்கள் மத்ரஸாவுக்கு அனுப்பினோம். உயர் வகுப்பு மாணவிகள் 512 துளைகளையும் சுத்தம் செய்து, அலுமினியத் தூளைத் துடைத்து அனுப்பினார்கள். அந்த வாரம் தப்ஸீர் வகுப்பில் ஸபஃ அத்தியாயத்தை நடத்தியபோது ஸர்து என்ற சொல்லுக்கு நான் நீண்ட விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

மாரிக்குப் பின்

வாசிகசாலை பஸ் 2023 இறுதியில் ஓடத் தொடங்கியது. கூடவே மாரியும் தொடங்கியது. நாட்கணக்கில் பெய்த மழையில் தட்டுகளில் ஒரு சொட்டும் விழவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அதற்காக ஆணியை மறந்துவிடவில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை பாஸ் வந்து தகடுகளைச் சுற்றிப் பார்ப்பார். ஆணித் தலையைச் சுற்றிக் கரும்புகை போல் கறை தெரிந்தால் அது தளர்ந்து உரசுகிறது என்று அர்த்தம். இதுவரை ஏழு கண்டார். தலையை நடுவில் துளைத்து ஆணியை வெளியே தள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டார். ஏழுதானே என்று விட முடியாது. ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்திலுள்ள இரண்டின் மேல் விழும். அவை தளர்ந்தால் அடுத்தடுத்த ஆணிகள். ஒரு முஃமின் மற்றொரு முஃமினுக்குக் கட்டடத்தைப் போன்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் விரல்களைக் கோத்துக் காட்டியதை நாம் அறிவோம். தளர்ந்த ஒருவரைத் தேடிப்போய்ப் பார்க்காத ஜமாஅத்தின் கதையும் இப்படித்தான்.

சகோதரிகளே, வீடு என்பதும் மறைந்திருக்கும் ஆணிகளால் நிற்பதே. பிள்ளையின் சட்டைக்கு உள்தையல் போடுகிறீர்கள். அரிசியில் கல் பொறுக்குகிறீர்கள். மாமியின் மருந்து வேளையைத் தவறவிடாமல் பார்க்கிறீர்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு இவை தெரிவதில்லை. வண்ணம் பூசிய பின் ஆணியைப் பற்றி யாரும் விசாரிக்காதது போலவே, வீடு நன்றாக நடக்கும்போது இவற்றைப் பற்றியும் யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் ஆணியின் அளவைக் கவனிக்கச் சொன்னவன் அதைப் போட்டவரின் கையையும் கவனிக்கிறான். அந்த வசனத்தின் முடிவும் அவன் நமது செயல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதையே கூறுகிறது.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்கு வரும் பாஸிடம் "சமாளிச்சுப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். என்ன போடுகிறார், ஏன் போடுகிறார் என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் மனைவியிடமும் மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்; அவர்களிடம் ஓர் இலாஸ்டிக் நாடா இருக்கக் கூடும்.

இடியப்ப உம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியாது. அவரது பேத்தி இப்போது அந்த பஸ்ஸிலிருந்து வாரம் இரண்டு புத்தகம் எடுத்துப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள். அவர் கொடுத்த காசு எந்தத் தகட்டில், எத்தனையாவது ஆணியாக இருக்கிறது என்பதை அல்லாஹ்வே அறிவான். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் காரியத்தைச் செம்மையாகச் செய்யும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.